எங்கும் பெய்யாத மழை

இந்தியாவின் ஜூலை மாதச் சராசரி மழை 280.5 மில்லிமீட்டர். 1971 முதல் 2020 வரையிலான ஐம்பது ஆண்டுக் கணக்கை வைத்து இந்திய வானிலை ஆய்வுத் துறை சொல்லும் எண் இது. மாதம் முடிந்ததும் இதோடு ஒப்பிட்டுத்தான் 'இயல்பைவிட இத்தனை சதவீதம் கூடுதல்' என்றோ 'குறைவு' என்றோ செய்தி வரும். பருப்பு விலையும் பங்குச் சந்தையும் அந்தச் செய்தியைப் பார்த்து அசையும். ஆனால் இந்த 280.5 எந்த ஊரில் பெய்தது என்று கேட்டால் பதில் கிடையாது. ஏறக்குறைய எந்த ஊரிலும் பெய்யவில்லை என்பதுதான் உண்மை.

அப்படியானால் அந்த எண் எங்கே உருவாகிறது? அதைப் பார்க்க ஒரு ஜூலை மாதம் மழைமானிகள் இருக்கும் ஊர்களாகப் போவது என்று கிளம்பினேன். "காசிக்குப் போறாங்க, ராமேஸ்வரம் போறாங்க. மழை அளக்கிற டப்பாவைப் பார்க்க யாராவது போவாங்களா?" என்றார்கள் வீட்டில். கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டேன்.

நுங்கம்பாக்கம்

கல்லூரிச் சாலையில் இருக்கும் வானிலை மையத்தைச் சென்னைவாசிகள் உள்ளே போய்ப் பார்த்ததில்லை, தொலைக்காட்சியில்தான் பார்த்திருக்கிறார்கள். ஒரு தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அங்கிருந்து வானிலை சொன்ன ரமணன் சார் வாயைத் திறந்தால் மறுநாள் விடுமுறை. அந்த வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி நிறுவிய வானாய்வுக் கூடத்தின் மிச்சம். தமிழிலும் தெலுங்கிலும்கூட அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். நட்சத்திரத்தைப் பார்க்க வந்தவர்கள், மேகம் மறைத்த நாட்களில் மேகத்தையும் குறித்துவைக்கத் தொடங்கினார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

புல்தரையில் கால் வைத்து நிற்கும் வெள்ளை மரப்பெட்டிக்கு ஸ்டீவன்சன் கூண்டு என்று பெயர். 'புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் அப்பா தாமஸ் வடிவமைத்தது. நாலு பக்கமும் சாய்வுப் பலகை அடுக்கு. காற்று புகும், வெயில் புகாது. கதவு வடக்குப் பார்த்துத் திறக்கும், திறக்கும்போதுகூட வெயில் உள்ளே விழக்கூடாது என்பதற்காக. உள்ளே நாலு வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் மட்டும் மஸ்லின் துணி சுற்றி, திரியைத் தண்ணீர்க் குப்பிக்குள் விட்டிருக்கிறார்கள். அந்த ஈரத்துணி எவ்வளவு குளிர்கிறது என்பதிலிருந்து காற்றின் ஈரப்பதத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

சற்றுத் தள்ளி மழைமானி. கண்ணாடியிழையால் ஆன உருளை, தரையிலிருந்து விளிம்பு வரை 30 சென்டிமீட்டர். வாயின் விளிம்பு கூராக இருக்கிறது. ஒரு துளி விளிம்பில் விழுந்தால் உள்ளே போகவேண்டும் அல்லது வெளியே போகவேண்டும். நடுவில் உட்கார்ந்து யோசிக்க அதற்கு இடம் கொடுக்கக்கூடாது. உள்ளே ஒரு புனல், அதன் கீழே ஒரு குப்பி.

காலை எட்டரைக்கு ஊழியர் வந்தார். முந்தைய சாயங்காலம் இடியோடு ஒரு பாட்டம் பெய்திருந்தது. மேல்பாகத்தைக் கழற்றி, குப்பியை வெளியே எடுத்து, கண்ணாடி அளவுகுவளையில் ஊற்றி, கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் கண்ணாடிச் சுவரில் சற்று மேலேறி நிற்கும். நடுவே குழிந்திருக்கும் அடிமட்டத்தைத்தான் படிக்கவேண்டும். படித்தார், எழுதினார், தண்ணீரைக் கீழே ஊற்றாமல் இன்னொரு தடவை படித்தார். அதன்பிறகே புல்லில் விட்டார்.

அதே எட்டரைக்கு லே தொடங்கி மினிக்காய் வரை, போர்ட் பிளேரிலிருந்து ஜெய்சல்மேர் வரை, நாடு முழுக்க ஆட்கள் இதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். கிரீன்விச்சில் அப்போது அதிகாலை மூன்று மணி. சூரியன் கிழக்கே உச்சியை நோக்கி ஏறத் தொடங்கியிருக்கும், மேற்குப் பாலைவனத்தில் அதைவிடத் தாழ்ந்திருக்கும். கடிகாரம் மட்டும் எல்லோருக்கும் ஒன்று.

நம் ஊரில் இது ஆடிக்காற்றின் காலம். மேற்கே மலை தாண்டும்போதே மேகம் தன் சரக்கை இறக்கிவிட, வெறுங்காற்று மட்டும் புழுதியை வாரிக்கொண்டு வந்து சேர்கிறது. நமக்கு மழை ஐப்பசியில்தான். நாட்டின் மழைமாதம் என்று சொல்லப்படும் ஜூலையில் தமிழ்நாடு வேடிக்கை பார்க்கிற மாநிலம். 'ஒரு உழவு மழை' என்று கிராமத்தில் சொல்வார்கள், ஏர் பூட்டும் அளவுக்கு மண் நனைந்தால். அந்தக் கணக்கில் பார்த்தால் நான் கிளம்பிய வாரம் சென்னையில் அரை உழவுகூட இல்லை.

அகும்பே

கர்நாடகக் கடற்கரைப் பக்கமிருந்து சோமேஸ்வரம் வழியாக ஏறினால் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் தூறல். பாதி வழியில் பேருந்தின் துடைப்பான் தோற்றுப்போனது. மேலே இறங்கி நின்றபோது, எதிரே பத்தடி தூரத்தில் இருந்த டீக்கடையைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

அரபிக்கடல் காற்று தடையில்லாமல் வந்து செங்குத்தான இந்த மலைச்சுவரில் மோதி, மேலேறி, குளிர்ந்து, இங்கேயே கொட்டிவிடுகிறது. ஆண்டுச் சராசரி 7,500 மில்லிமீட்டரைத் தாண்டும். அதே மேகம் ஷிமோகா போய்ச் சேரும்போது அதனிடம் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. சங்கர் நாக் 'மால்குடி டேஸ்' தொடரை இங்கேதான் படமாக்கினார். ஆர்.கே.நாராயணின் மால்குடியில் இவ்வளவு மழை பெய்ததாக எனக்கு நினைவில்லை.

நான் தங்கிய வீடு ஒரு பாக்குத் தோட்டக்காரருடையது. மழைக்காலம் பிறப்பதற்கு முன்பே மேற்குச் சுவருக்குப் பாக்கோலைத் தட்டி கட்டிவிடுவார்களாம். இல்லாவிட்டால் சுவர் ஊறிவிடும். வீட்டம்மா சேப்பங்கிழங்கு இலையில் அரிசியும் புளியும் மிளகாயும் அரைத்த மாவைத் தடவிச் சுருட்டி, ஆவியில் வேகவைத்த பத்ரொடெ கொடுத்தார். மழையில் சேம்பு தானாகத் தழைத்துக் கிடக்கும் மாதத்தில் செய்யும் பண்டம். கூடவே மல்லியும் சீரகமும் மிளகும் பொடித்துப் பால்விட்ட கஷாயம். அந்த ஈரத்தில் அதைக் குடித்தபோது, காப்பி என்கிற பழக்கம் எதற்கு நமக்கு வந்தது என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

தோட்டக்காரர் ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா எழுதத் தொடங்கிய மழைக்கணக்கு. மலைத்தோட்டங்களில் இன்றும் மழை மில்லிமீட்டரில் பெய்வதில்லை. இன்ச்சிலும் சென்ட்டிலும்தான் பெய்கிறது. நூறு சென்ட் ஒரு இன்ச். "நேற்று ஆறு இன்ச் சொச்சம். சுமாரான மழை" என்றார். அவருடைய சுமாரான மழையில் சென்னையின் பாதிச் சுரங்கப்பாதைகளை மூடியிருப்பார்கள்.

தானியங்கி மழைமானிகள் இப்போது மலையெங்கும் வந்துவிட்டன. அவை எப்படி அளக்கின்றன என்று அவரே விளக்கினார். உள்ளே சின்னதாக இரட்டைக் கிண்ணம், ஏற்றப் பலகை மாதிரி. ஒரு பக்கம் நிரம்பினால் சாய்ந்து கொட்டும், மறுபக்கம் மேலே வரும். எத்தனை தடவை சாய்ந்தது என்பதுதான் கணக்கு. "சாதாரண மழைக்கு நல்லா வேலை செய்யும். ஆனா அகும்பே மழை அடிச்சு ஊத்தும்போது, ஒரு பக்கம் சாயிற நேரத்துல விழுற தண்ணி கணக்குல வராது. குறைச்சுக் காட்டும்." அதனால் அவர் இன்னும் குப்பியும் கையுமாகத்தான் இருக்கிறார். தோட்டத்துக்குள் அவரோடு போனபோது கணுக்காலில் சுண்ணாம்பு தடவிவிட்டார், அட்டைக்கு. வேலையாட்கள் கொரபு என்கிற ஓலைக்கவசத்தை முதுகில் கவிழ்த்து, குனிந்து நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் நடவு மழையில் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இது அதைவிடப் பெரிய ஏற்பாடு. இரண்டு கையும் வேலைக்கு விடுதலை.

மும்பை

கொலாபாவில் சசூன் டாக் வெறிச்சோடிக் கிடந்தது. மேற்குக் கடற்கரையில் ஜூனும் ஜூலையும் மீன்பிடித் தடைக்காலம். படகுகளுக்கு நீல பிளாஸ்டிக் தாள் போர்த்தியிருந்தார்கள், கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தார்கள், கடையில் கருவாடுதான். நம் கரையில் தடை சித்திரையிலேயே தொடங்கி ஆனி பிறக்கும்போது முடிந்துவிடும். ஒரே நாட்டின் இரண்டு கரைகள் வேறு வேறு மாதத்தில் ஓய்வெடுக்கின்றன. இந்தத் துறைமுகமும் இந்திய வானிலைத் துறையும் ஒரே வருஷம் பிறந்தவை, 1875.

கொலாபாவின் வானாய்வுக் கூடம் அதைவிட மூத்தது, 1826. நகரத்தின் தென்கோடியில், மூன்று பக்கமும் கடல். இன்னொரு நிலையம் சாந்தாகுரூஸில், விமான நிலையத்தை ஒட்டி. 'மும்பையில் இன்று மழை' என்று செய்தியில் எப்போதும் இரண்டு எண்கள் வருவது இதனால்தான்.

அந்த இரண்டு எண்களும் ஒன்றையொன்று அறியாதவை போல நடந்துகொண்ட நாள் ஒன்று உண்டு. 2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர். கொலாபாவில் 73.

தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. இட்லிச் சட்டியைச் சைக்கிளில் கட்டி நகரமெங்கும் அனுப்புகிற ஓர் அக்காவின் வாசலில் உட்கார்ந்திருந்தேன். நான் எதற்கு வந்தேன் என்று சொன்னதும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

"மத்தியானம் ரெண்டு மணி இருக்கும் அண்ணாச்சி. மாவு ஆட்டிக்கிட்டு இருக்கேன். இருட்டுக் கட்டிக்கிட்டு வந்து ஊத்த ஆரம்பிச்சது பாருங்க, நிக்கவே இல்ல. சாயங்காலம் மித்தி ஆத்துத் தண்ணி வீட்டுக்குள்ள. அரிசி மூட்டையத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு நாங்களும் பரண்ல. கொலாபால எங்க தங்கச்சி வீடு. போன் எடுத்தப்ப அவ சொல்லுதா, 'என்னக்கா பெருசா சொல்லுத, இங்க சும்மா தூறிக்கிட்டுல்லா இருக்கு'ன்னு. பொய் சொல்லுதாளோன்னு நெனச்சேன்."

தங்கச்சி சொன்னது பொய்யில்லை. புறநகர் ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரத்தில் ஏறக்குறைய பதின்மூன்று மடங்கு வித்தியாசம். ஒரு மழைமானியின் வாய் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. அதற்குள் விழுந்ததை வைத்துத்தான் ஒரு நகரத்துக்கே இவ்வளவு என்று சொல்கிறோம். கொலாபா மட்டும் இருந்து சாந்தாகுரூஸ் இல்லாமல் போயிருந்தால், ஏட்டின்படி மும்பையில் அன்று ஒன்றுமே நடக்கவில்லை.

இன்னொரு விஷயம், பதிவேட்டில் அந்த மழைக்கு ஜூலை 26 என்று தேதி இருக்காது. 27 என்றுதான் இருக்கும். காலை எட்டரைக்கு அளந்ததை அளந்த நாளின் பெயரில் எழுதுவது நம் வழக்கம். மும்பைக்காரர் எவரிடம் கேட்டாலும் 26 என்பார். நகரத்தின் துயரத்துக்கே அந்தத் தேதிதான் பெயர். ஏடு ஒரு நாள் பிந்திச் சொல்கிறது. அக்காவிடம் இதைச் சொன்னபோது, "மறுநாள் எழுதினவன் மேடான எடத்துல இருந்திருப்பான்" என்றார்.

புனே

மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டியதும் வானம் இறங்கிவந்து பேசுகிற தொனிக்கு மாறிவிட்டது. காலையில் கொஞ்சம் தூறல், பிறகு வெயில், மறுபடி தூறல். மலை உச்சியில் மகாபலேஷ்வரில் ஆண்டுக்கு 5,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. புனேவில் 700 சொச்சம். தமிழ்நாட்டுக்காரனுக்கு இந்த மழைமறைவுப் பாடம் புதிதில்லை. செங்கோட்டையில் நின்று மலையைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

சிவாஜி நகரில் 'சிம்லா ஆபீஸ்' என்று பேருந்து நிறுத்தம் இருக்கிறது. சிம்லாவிலிருந்து வானிலைத் துறையின் தலைமையகம் 1928இல் இங்கே இடம் மாறியது. பிறகு அதுவும் தில்லிக்குப் போய்விட்டது, ஆனால் நடத்துநர்கள் இன்னும் "சிம்லா ஆபீஸ், சிம்லா ஆபீஸ்" என்று கூவி ஆளை இறக்குகிறார்கள். மணிக்கூண்டோடு கூடிய அந்தக் கல் கட்டடத்துக்கு எதிரே டீ குடித்தேன். ஏலக்காயும் இஞ்சியும் தட்டிப்போட்ட, சின்னக் கிளாஸில் வருகிற, அளவுக்கு மீறிய இனிப்பு.

நாடு முழுக்கக் குப்பியில் அளந்ததெல்லாம் கடைசியில் வந்து சேருகிற ஊர் இது. தேசியத் தரவு மையம் இங்கே இருக்கிறது. இப்போது எல்லாம் கணினி. அதற்கு முன்னால் ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் மாதக் கணக்கு தாளில் வரும். ஒருவர் கூட்டுவார், இன்னொருவர் சரிபார்ப்பார். ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவர், எழுபது தாண்டியவர், அந்தக் காலத்தைச் சொன்னார். மராத்தி கலந்த இந்தியில் அவர் சொன்னதன் சாரம் இது: எண் தப்பாக இருந்தால் அதன் முகத்திலேயே தெரிந்துவிடும். மழையே இல்லாத வாரத்தில் ஒரு நிலையம் மட்டும் தினமும் மூன்று மில்லிமீட்டர் எழுதியிருந்தால், ஆள் வெளியே போகாமல் உட்கார்ந்த இடத்தில் எழுதுகிறார் என்று பொருள். பக்கத்து நிலையங்களோடு ஒப்பிடுவார்கள், கடிதம் போடுவார்கள், பதில் வரும். "மழையைச் சரிபார்ப்பது சுலபம். மனுஷனைச் சரிபார்க்கத்தான் மூன்று மாதம் ஆகும்."

அவரிடம்தான் மாதத்தின் எல்லையைப் பற்றிக் கேட்டேன். எட்டரை மணி விதிப்படி, மழைக்கணக்கில் ஜூலை மாதம் ஜூன் 30 காலை எட்டரைக்குப் பிறந்து, ஜூலை 31 காலை எட்டரைக்கு முடிகிறது. ஜூலை 31 மதியம் ஊரே மிதக்கும்படி பெய்தாலும் அது ஆகஸ்டின் சொத்து. கேட்கும்போது விசித்திரமாக இருந்தது. ஆனால் யோசித்தால், நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு நாடு முழுக்க ஆட்களை எழுப்பி மழையில் விடுவதைவிட இது நாகரிகம்.

துறை தொடங்கியதற்கே காரணம் புயலும் பஞ்சமும்தான். 1864இல் கல்கத்தாவைச் சூறையாடிய புயல், 1866லும் 1871லும் பருவமழை பொய்த்தது. ஹென்றி பிளான்ஃபோர்டைத் தலைவராகப் போட்டு 1875இல் துறை தொடங்கினார்கள். மறுவருஷமே நம் பக்கம் தாது வருஷப் பஞ்சம். 1886இல் முதல் பருவமழை முன்னறிவிப்பு வெளிவந்தது. கில்பர்ட் வாக்கர் 1904 முதல் இருபது ஆண்டுகள் பொறுப்பில் இருந்தபோது, உலகெங்குமுள்ள நிலையங்களின் மாதச் சராசரிகளை அடுக்கிவைத்து, இந்திய எழுத்தர்களைக் கொண்டு கையால் கணக்குப் போட்டார். பசிபிக்கில் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடலில் இறங்குகிறது என்கிற ஊசலாட்டம் அந்தக் கணக்கிலிருந்து வெளிப்பட்டது. இன்று எல் நினோ என்று எல்லோர் வாயிலும் வருவதன் மறுபாதி அது. கடலை யாரும் போய்ப் பார்க்கவில்லை. மாதக் கணக்குகளைத்தான் பார்த்தார்கள்.

புனேவில் நான் அதிகம் நினைத்துக்கொண்டது அன்னா மணியை. 1918இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சி.வி. ராமனின் கூடத்தில் வைரத்தை ஆராய்ந்தவர். லண்டனுக்குப் போனது இயற்பியலுக்காக. கிடைத்தது வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி. 1948இல் புனே வந்து சேர்ந்தார். வெப்பமானிகூட வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்த நாட்கள் அவை. ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடம் போட்டு, தரம் நிர்ணயித்து, இங்கேயே செய்யவைத்தார். அகும்பேயில் காட்டும் அளவும் ஜெய்சல்மேரில் காட்டும் அளவும் ஒரே பொருளைச் சொல்லவேண்டுமென்றால் இரண்டு குப்பிகளும் ஒன்றாக இருந்தாக வேண்டும். விண்கலம் விட்டவர்களை நாம் கொண்டாடுகிறோம், சரிதான். குப்பியின் விட்டத்தைச் சரியாக வைத்தவரின் பெயர் பாடப்புத்தகத்தில் இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் வரலாம் என்பது என் கட்சி.

ஜெய்சல்மேர்

இங்கே ஆண்டு முழுவதற்குமான சராசரியே 200 மில்லிமீட்டர் அளவில்தான். "கம்மா கணி" என்று கைகூப்பி வரவேற்ற விடுதிக்காரர், நான் மழை அளப்பதைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், மோர் கொண்டுவரச் சொன்னார்.

மழையில்லாத ஊரிலும் எட்டரைக்கு ஆள் வெளியே போகவேண்டும். மழைமானியைத் திறந்து, உள்ளே சேர்ந்த மணலைத் தட்டிவிட்டு, 0.0 என்று எழுதவேண்டும். புழுதியில் நாலு பொட்டு விழுந்து, குவளையில் ஊற்ற ஒன்றுமில்லாமல் போனால் அதற்கும் ஒரு குறி உண்டு; சுவடு மழை. எழுதாமல் விட்டால் பெய்யவில்லை என்று அர்த்தமில்லை, யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். இரண்டும் வேறு.

இங்கே அதிகம் வேலைசெய்வது இன்னொரு பாத்திரம். அகலமான உலோகத் தொட்டியில் தண்ணீர் விட்டு, ஒரு நாளில் எவ்வளவு ஆவியாகிறது என்று அளக்கிறார்கள். அதன்மேல் கம்பிவலை போட்டு மூடியிருக்கிறது, பறவைகள் குடித்துவிட்டுப் போனால் கணக்கு கெடும் என்பதால். ஒரு மைனா வலைமேல் உட்கார்ந்து தண்ணீரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாப்பாட்டில் கேரும் சாங்கரியும், கம்பு ரொட்டியும். காயவைத்து எடுத்துவைத்த பாலைவனக் காய்கள். மழை வராத வருஷத்தையும் நினைத்துச் செய்த சமையல். ஊருக்கு வெளியே காடீன் வயல்களைப் பார்த்தேன். சரிவின் கீழே நீளமாக மண்கரை போட்டு, எப்போதோ ஒரு நாள் பெய்வதை நிறுத்திவைத்து, அந்த ஈரத்தில் விதைக்கிறார்கள். பல நூறு ஆண்டு வழக்கம். சராசரியை நம்பி இங்கே யாரும் ஏர் பூட்டுவதில்லை. நம்பவும் முடியாது. பக்கத்து பார்மேர் மாவட்டத்தில் கவாஸ் என்கிற ஊர் 2006 ஆகஸ்டில் வெள்ளத்தில் மூழ்கியது. மண்ணுக்கடியில் ஜிப்சம் படுகை இருப்பதால் தண்ணீர் இறங்க வழியில்லாமல் மாதக்கணக்கில் நின்றது.

சோஹ்ரா

சிரபுஞ்சி என்று நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ஊருக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் சோஹ்ரா. ஷில்லாங்கிலிருந்து பீடபூமியின்மேல் ஓடிவந்த சாலை, தெற்கே திடீரென்று நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே வங்கதேசத்தின் சமவெளி, அந்த மாதத்தில் பாதி நிலம், பாதி தண்ணீர். வங்கக்கடலில் கிளம்பிய காற்று அந்த நனைந்த சமவெளிமேல் ஈரம் குறையாமல் வந்து, 1,300 மீட்டர் உயரச் சுவரில் ஒரே மூச்சில் ஏறவேண்டியிருக்கிறது. அகும்பேயின் கதைதான், இன்னும் பெரிதாக.

மழை இங்கே பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் பெய்கிறது. பகலில் கடைகள் திறக்கின்றன, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், மழையால் எதுவும் நிற்பதில்லை. சாலையோரம் ஒருவர் மூங்கிலும் ஓலையும் பின்னிய க்னூப்பை முதுகில் கவிழ்த்துக்கொண்டு கல் உடைத்துக்கொண்டிருந்தார். அகும்பேயின் கொரபுவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்றுதான் சொல்லவேண்டும். நடுவில் இரண்டாயிரம் கிலோமீட்டர்.

உலகச் சாதனைகள் இந்த ஊரின் பேரில் இருக்கின்றன. 1860 ஆகஸ்டிலிருந்து 1861 ஜூலைவரை, பன்னிரண்டு மாதத்தில் 26,461 மில்லிமீட்டர். அதில் 1861 ஜூலை மட்டும் 9,300. சென்னைக்கு ஆண்டுக்கு 1,400 என்று வைத்துக்கொண்டால், நம் ஆறரை ஆண்டு மழை இங்கே ஒரே மாதத்தில். வானிலைத் துறை பிறப்பதற்குப் பதினான்கு வருஷம் முன்பே யாரோ ஒருவர் இங்கே காலைதோறும் அந்த மழையில் போய் அளந்திருக்கிறார்.

இப்போதைய அளவர் காசி இனத்து இளைஞர் ஒருவர். மழைச்சட்டை போட்டு, அதன்மேல் குடையும் பிடித்துத்தான் முற்றத்தில் இறங்கினார். குடை அவருக்கில்லை, அளவுகுவளைக்கு. ஊற்றும்போது மேலிருந்து விழுகிற மழையும் சேர்ந்துவிட்டால் கணக்கு போய்விடும். குவளை நிரம்பியது, எழுதினார், கொட்டினார். மறுபடி நிரம்பியது. ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போட்டுக்கொண்டார். சென்னையில் ஒரே குவளையை இரண்டு தடவை பார்த்தவர் நினைவுக்கு வந்தார். இவருக்குப் பயம் வேறு, எத்தனையாவது குவளை என்பதை மறந்துவிடக்கூடாது.

ஆனால் இவ்வளவும் அந்த 280.5இல் எங்கே போகிறது? நிலையங்களின் மழை மாவட்டச் சராசரியில் கலக்கிறது. மாவட்டங்கள் பரப்பளவுக்கு ஏற்ற எடையோடு வானிலை உட்பிரிவில். நாட்டில் அப்படி 36 உட்பிரிவுகள். நம் தமிழகமும் புதுச்சேரியும் காரைக்காலும் சேர்ந்து ஓர் உட்பிரிவு. சோஹ்ராவின் மீட்டர் கணக்கான மழையும் ஜெய்சல்மேரின் சுவடு மழையும் அந்த வழியில் தங்கள் முகத்தை இழந்துவிடுகின்றன. கொள்கை வகுப்பவர்களுக்கு ஓர் எண் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வருஷா வருஷம் 'நாட்டில் மழை இயல்பு' என்று தலைப்பைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்புகிறோமே, அதற்கு இந்த எண்ணைக் குறைசொல்ல முடியாது.

சோஹ்ராவின் ஆச்சரியம் மழையல்ல, தண்ணீர்ப் பஞ்சம். பெய்வதெல்லாம் சுண்ணாம்புப் பாறையிலும் பள்ளத்தாக்கிலும் ஓடி வங்கதேசத்துக்குப் போய்விடுகிறது. காடு அழிந்து, மேல்மண் கழுவப்பட்டு, பீடபூமி பெரும்பகுதி வெறும் புல். மார்கழி, தை மாதங்களில் பெண்கள் குடத்தோடு ஊற்றைத் தேடி நடக்கிறார்கள். பக்கத்திலேயே மாம்லு குகை. அதற்குள் சொட்டுச் சொட்டாக வளர்ந்த கல்தூண் ஒன்றை அறுத்துப் பார்த்த விஞ்ஞானிகள், 4,200 ஆண்டுகளுக்கு முன்னால் மழை பெருமளவு குறைந்ததற்கான தடயத்தை அதில் கண்டார்கள். 2018இல் புவியியலின் தற்போதைய காலகட்டத்துக்கு அதை வைத்தே மேகாலயன் என்று பெயர் சூட்டினார்கள். உலகிலேயே அதிகம் மழை பெய்யும் ஊர்களைக் கொண்ட மேகாலய மாநிலத்தின் பெயர் ஒரு வறட்சியின் தொடக்கத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. குகையும் ஒரு மழைமானிதான், அளவர் இல்லாமல் ஓடுவது.

ஜூலை 31 காலை எட்டரை அளவு எடுத்து முடித்ததும் அளவர் மாதத்தைக் கூட்டினார். கணினி கூட்டிவிடும். ஆனாலும் தாளில் பென்சிலால் ஒரு தடவை. பிறகு இரண்டு பேரும் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடைக்கு ஜாடோ சாப்பிடப் போனோம். பன்றி இறைச்சிக் கொழுப்பில் வெந்த அரிசி, ஓரத்தில் கருவாட்டுச் சட்னி. உட்கார்ந்த மாத்திரத்தில் தகரக்கூரைமேல் மழை இறங்கியது. பேச்சை நிறுத்தவேண்டியதாயிற்று.

"இது ஆகஸ்ட்" என்றார் அவர், காதுக்கு அருகே குனிந்து.

கடைக்காரம்மாவை எல்லோரும் கோங் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அக்கா என்கிற மரியாதை. அவர் தட்டை வைத்துவிட்டு, இந்த மாதம் எவ்வளவு என்று அளவரிடம் கேட்டார். அவர் சொன்னார்.

"போன வருஷம் ஜூலையைவிடக் குறைச்சல்" என்றார் கோங்.

"இல்லை கோங், கூடுதல். இப்போதுதான் கூட்டிவிட்டு வருகிறேன்."

"குறைச்சல்தான். போன வருஷம் இந்தத் தேதிக்கு என் பின்கட்டுத் தொட்டி ரெண்டும் வழிஞ்சது. இப்ப ஒண்ணுதான் வழியுது."

"தொட்டியில் ஓட்டை இருக்கும்."

"உன் குப்பியில் இருக்கும், பா. போய்ப் பார்."

மழை கொஞ்சம் தணிந்ததும் இரண்டு பேரும் பின்கட்டுக்குப் போய்த் தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்கள். அவர் குனிந்து அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். கோங் கூரையிலிருந்து வரும் குழாயைக் காட்டி ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார். ஷில்லாங் போகும் சுமோ வந்து ஹாரன் அடித்தபோதும் விவகாரம் தீரவில்லை.